சுருக்கெழுத்து

என் முதலெழுத்து
ஓர்ஸ்ஹில் பக்கம் ஒரு பெயர்ப்பலகையில் விரிந்து நிற்கிறது.
குலவீரசிங்கம் வீதி.
மூன்று மொழியிலும் உண்டு.
தமிழில் மட்டும் முதல் 'வீ'யை யாரோ கல்லெறிந்து பெயர்த்துவிட்டார்கள்.

அது அப்பப்பாவின் பெயர்.
வாக்குச்சீட்டில் அப்பாவுக்கும் அதுவே கைகொடுத்தது,
ஐந்து முறை.
வெளிநாட்டுச் சேவைப் பரீட்சையில்
நான் ஆறாவதாக வந்ததை ஒருவரும் நம்பவில்லை.
அப்பாவும்.

விசேட தூதுவருக்கு மூக்கு வெயிலில் உரிந்திருந்தது.
கந்தளாய் தாண்டி வாகனத்தை நிறுத்தச் சொல்லி
பாலைப்பழம் வாங்கினார்.
உதடு ஒட்டிக்கொள்ள, சிரித்தார்.
இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டார்.
சொன்னேன்.
அன்று நான் முழுசாகச் சொன்ன மொழிபெயர்ப்பு
அதுவாகத்தான் இருக்கும்.

சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்கள்,
காட்டுக்குள் துருப்பிடித்த வட்டங்கள்.
ஆழம், கொள்ளளவு, குத்தகை ஆண்டு
எல்லாம் கோப்பில் இருந்தது.
கடற்படை அதிகாரி குச்சியால் சுட்டினார்,
நான் தலையாட்டினேன்.
தலையாட்டுவதற்கும் பயிற்சி உண்டு:
ஆம் என்று ஆகாமல்,
இல்லை என்றும் ஆகாமல்.

பின்னேரம் டச்சு பே பக்கம் ஒரு மண்டபம்.
பதினொரு பெண்கள். மின்விசிறி ஒன்று
சுற்றுவதைவிடக் கத்துவது கூட.
மரியபுஷ்பம் எழும்பினார்.
மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்குப் பதிலாய்
கறுப்பு நூல்.

"என்ர மகன் றெஜினோல்ட். பத்தொன்பது வயசு.
அண்டைக்கு உங்கட அப்பா வீட்ட வந்தவர்.
தேத்தண்ணி குடிச்சவர்.
நாலு நாளில விட்டிடுவினம், நான் கதைச்சிட்டன் எண்டவர்.
கோப்பையைக் கழுவாமல் நாலு நாள் வைச்சிருந்தனான்."

தூதுவர் என்னைப் பார்த்தார்.
பேனா திறந்திருந்தது.

ஆங்கிலத்தில் சொன்னேன்:
மக்கள் பிரதிநிதி ஒருவர்
விரைவான விடுதலை குறித்து
உறுதியளித்ததாக இவர் கூறுகிறார்.

என் வாயிலிருந்து அது
எவ்வளவு வழுவழுப்பாய் வந்தது.
கோப்பையைச் சொன்னேனா? இல்லை.
தூதுவர் எழுதிக்கொண்டார்.
பிறகு அடுத்தவர், அடுத்தவர்.
மின்விசிறி.

வாசலில் செருப்புத் தேடும்போது பக்கத்தில் வந்தார்.
கோபம் இல்லாத குரல், அதுதான் கரைச்சல்.
"பிள்ளை, நான் துறைமுகத்தில
இருபத்தாறு வருசம் ஸ்டெனோ.
மூண்டு துரைமாருக்கு இங்கிலீசில எழுதினனான்.
ஒரு சொல்லும் விடுறதில்லை."
பிறகு தன் மனுவின் இன்னொரு பிரதியைத் தந்து
பஸ்ஸுக்கு நேரமாகுது என்று போய்விட்டார்.

இரவு அப்பா கொழும்பிலிருந்து எடுத்தார்.
எப்பிடிப் போச்சு?
சுமுகம், என்றேன்.
அவரும் அந்தச் சொல்லைப் பாவிப்பவர்தான்,
அதனால் மேலே கேட்கவில்லை.
நாலு நாள் என்று யாருக்காவது சொன்னீங்களா
என்று நானும் கேட்கவில்லை.
ஜெனீவாக் கடிதம் அடுத்த கிழமை வந்திடும் என்றார்.
யாரோடோ கதைச்சிட்டாராம்.

விடுதி யன்னலுக்கு வெளியே மான் ஒன்று
குப்பைத்தொட்டியில் கடதாசி மென்றது.
அறிக்கையின் ஏழாம் பந்தியைத் திறந்தேன்.
மக்கள் பிரதிநிதி ஒருவர்.
அழித்தேன். அப்பாவின் பெயரை
முதலெழுத்துகளோடு அடித்தேன்.
திரையில் அது
யாரோ வேற்று ஆளின் பெயர்போல நின்றது.
அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.
துடிக்கும் கோடு துடித்தபடி இருந்தது.

மனுவைப் புரட்டினேன்.
பின்பக்கம் பென்சில்:
கொக்கிகள், வளைவுகள், புள்ளிகள்,
ஈரமணலில் நண்டு போன மாதிரி.
நான் பேசப் பேச எடுத்திருக்கிறார்,
என்னுடைய ஆங்கிலத்தை.
ஓரிடத்தில் மட்டும்
வெறுமையைச் சுற்றி ஒரு வட்டம்.

எனக்கு அது வாசிக்கத் தெரியாது.
கடவுச்சீட்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.
ஜெனீவாவில்
பழைய சுருக்கெழுத்துத் தெரிந்த யாராவது
இருக்கக்கூடும்.